நெற்றிப்பொட்டில் விரல் வைத்தால் திறக்கும் கண்

எனக்கு 52 வயதில் கண் கூசத் தொடங்கியது. வெயிலில் நடந்தாலும், எதிரே வரும் வண்டியின் விளக்கைப் பார்த்தாலும் இரண்டு இமைகளும் தாமாக இறுக மூடிக்கொண்டன. தூசி விழுந்தாற்போன்ற உறுத்தல் ஓயாமல் இருந்ததால், ஓராண்டுக் காலம் கண் வறட்சிக்கான சொட்டு மருந்தையே விட்டுக்கொண்டிருந்தேன். சாலையின் நடுவே கண் திறவாமல் நின்றுவிட்ட நாளுக்குப் பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் சென்றேன். பிளெபரோஸ்பாசம் எனப்படும் இமை இசிவு என்றார்.

வலது நெற்றிப்பொட்டில் விரலை மெல்ல வைத்தால் என் இமை திறந்துவிடும். இதைக் கண்ட உறவினர் சிலர், நினைத்தால் திறக்க முடிகிறதே, பிறகு இது என்ன நோய் என்று கேட்டது என்னை மிகவும் வருத்தியது. மருத்துவரோ அப்படி ஏதேனும் பழக்கம் உண்டா என்றுதான் முதலில் கேட்டார்.

பரிசோதனையில் புருவத்துக்கு மேலுள்ள நரம்பில் சிறு மின்தூண்டல் கொடுத்தார்கள். அதற்கு இமைத்தசை ஏறத்தாழ 10 மில்லி விநாடியில் ஒரு முறையும், 30 மில்லி விநாடிக்குப் பின் இரு கண்களிலும் மற்றொரு முறையும் துடிக்கும். அடுத்தடுத்து இரண்டு தூண்டல்கள் வந்தால், நலமான மூளை இரண்டாவதை ஏற்கெனவே அறிந்த செய்தியாகக் கருதி, பின்வரும் துடிப்பைப் பெரிதும் அடக்கிவிடும். எனக்கு அது அடங்கவேயில்லை. விரலில் மெல்லிய தூண்டல் கொடுத்து, சுமார் 100 மில்லி விநாடி கழித்து நெற்றியில் கொடுத்தாலும் இமைத் துடிப்பு குறைய வேண்டும். தொடுகை பலன் தரும் நோயாளிகள் பலரிடம், முன்னே வந்த மெல்லிய தூண்டல் பின்வரும் துடிப்பை அடக்கும் இந்த வடிகட்டல் ஓரளவு எஞ்சியிருக்கிறது என்று அவர் விளக்கியபோது, என் விரல் செய்துவந்த வேலை எனக்குப் புரிந்தது.

போட்டுலினம் ஊசி தசையைத் தளர்த்துகிறதே தவிர, மூளையின் வடிகட்டியைச் சரிசெய்வதில்லை. ஆகவே ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் போட்டுக்கொள்கிறேன். கண் வறட்சிக்கான மருந்தையும் நிறுத்தவில்லை, ஏனெனில் உறுத்தல் குறைந்தால் மூளைக்குச் செல்லும் தூண்டலும் குறைகிறது.

மறுமொழி:

அம்மா, என் தந்தைக்கும் இதே நோய்தான். மாடிப்படி இறங்கும்போதெல்லாம் அவர் ஏதேனும் பாட்டை முணுமுணுப்பார். மகிழ்ச்சியாக இருக்கிறார் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். உங்கள் பதிவைப் படித்த பின் கேட்டேன். பாடினால்தான் படி தெரிகிறது என்றார்.