அப்பாவின் எம்ஆர்ஐயில் எல்ஆர்-4: உடனே பயாப்ஸி செய்யலாமா?

வணக்கம். அப்பாவுக்குப் பல வருடங்களாக ஹெபடைடிஸ் பி, இப்போது சிரோசிஸும் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) இருக்கிறது. வழக்கமான ஸ்கேனில் ஏதோ தெரிந்ததால் கடோக்ஸெடேட் என்ற, கல்லீரல் செல்கள் உள்வாங்கும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தார்கள். 14 மி.மீ. கட்டி, எல்ஆர்-4 (கல்லீரல் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம்) என்று போட்டிருக்கிறார்கள். மருந்து ஏறியதும் எடுக்கும் தமனிக் கட்டத்தில் முழுதுமாகப் பளிச்சென்று ஒளிர்கிறது, ஆனால் அதற்கு அடுத்து வரும் போர்ட்டல் சிரைக் கட்டத்தில் மங்கவில்லை. 20 நிமிடம் கழித்து எடுத்த படத்தை டாக்டர் காட்டினார். கல்லீரல் முழுக்க வெளுத்திருக்க, அந்த இடம் மட்டும் மிளகு அளவுக்குக் கறுப்பாக இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

இந்த மருந்தில் கடைசியாகக் கறுப்பதை 'வாஷ்அவுட்' (ஒளிர்ந்த கட்டி பிறகு மங்குவது) என்று எடுக்கக் கூடாதாம், அதனால் எல்ஆர்-5 (புற்றுநோய் உறுதி) கொடுக்க முடியாதாம். சரி, அது புரிகிறது. அப்புறம் என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். ஒரு டாக்டர் பயாப்ஸி என்கிறார். இன்னொருவர் கல்லீரல் செல்களுக்குள் போகாத சாதாரண கடோலினியம் மருந்தோடு மறுபடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். மருந்து ஏறியதும் அப்பாவால் மூச்சை அடக்க முடியவில்லை, தமனிக் கட்டப் படங்கள் கொஞ்சம் அசைந்திருக்கின்றன என்றும் அறிக்கையில் இருக்கிறது.

இதே நிலையைக் கடந்தவர்கள் எந்த வழியில் போனீர்கள்? கதிரியக்க மருத்துவர்கள் யாராவது இருந்தால், மறு எம்ஆர்ஐயில் தெளிவு கிடைக்குமா என்று தயவுசெய்து சொல்லுங்கள். வியாழக்கிழமை முடிவு சொல்ல வேண்டும்.