புதுப்பிப்பு: ஹைலக்ஸ் ஸ்டாக் அலாயில் 265/65 ஆர்18

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் 265/60 டயருக்குப் பதில் பக்கச்சுவர் உயரமான 265/65 ஆல்-டெரெய்ன் (எல்லாத் தரைக்குமான) டயர், ஸ்டாக் அலாயிலேயே, அதாவது வண்டியோடு வந்த ரிம்மிலேயே உட்காருமா என்று முன்பு கேட்டிருந்தேன். உட்கார்ந்துவிட்டது, அகலம் அதேதான், ரிம்மில் வம்பில்லை. விட்டம் 775-லிருந்து 802 மி.மீ. ஆவதால் வண்டி 13 மி.மீ. உயரும், ஸ்பீடோ முன்பைவிட சுமார் 3.3% குறைத்துக் காட்டும்.

முன் டயர் உரசலை நேர் ரோட்டில் தேடாதீர்கள். ஸ்டியரிங்கை ஃபுல் லாக் (கடைசி வரை) ஒடித்துப் பாருங்கள். உரசினால், மட்ஃப்ளாப்புக்கு மேல் லைனர் (சக்கர வளைவின் உள்பக்க பிளாஸ்டிக் உறை) மடியும் இடத்தில் கறுப்புத் தடம் விழும். ஹீட் கன்னில் இளக்கி உள்ளே அமுக்கினால் போதும். அறுத்துவிட்டால் வேளச்சேரி மழைத்தண்ணி நேராக உள்ளே அடிக்கும்! அலைன்மென்ட்டில் காஸ்டரை (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) கம்பெனி ஸ்பெக்குக்குள் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள், சக்கரம் முன்னால் நகர்ந்து இடம் விடும்.

ஸ்டெப்னியும் அதே சைஸில் வாங்குங்கள். தார் ரோட்டில் ஃபோர்-வீல் போட்டால் டயர் சைஸ் ஒன்றாக இருந்தாலும் டிரைவ்லைன் (இன்ஜின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகங்கள்) முறுக்கிக்கொள்ளும், பழைய ஸ்டெப்னியோடு இன்னும் மோசம்.