சாப் ஆடுபவரின் நுட்பத்தை எதை வைத்து எடைபோடுவது? (அனுபவப் பகிர்வு)

தொடக்கப் பதிவு

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் பல ஆண்டுகள் கிளப் அளவில் டேபிள் டென்னிஸ் ஆடிவிட்டு, இப்போது இளையோருக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். சாப், அதாவது பந்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பின்னோக்கிச் சுழலவிட்டுத் திருப்பும் அடி, ஆடும் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரை நான் தவறாக மதிப்பிட்ட நிகழ்வை இங்கே எழுதுகிறேன். இத்தகையோரை எதிர்த்து ஆடியவர்களும், தாமே அவ்வாறு ஆடுபவர்களும் தங்கள் அனுபவத்தைத் தொடர்ந்து எழுத வேண்டுகிறேன்.

ஓர் அணித் தேர்வில் மதிப்பீட்டாளர்களுள் ஒருவனாக அமர்ந்திருந்தேன். பதினாறு வயதுப் பெண் ஒருவர், பேக்ஹேண்டில் (புறங்கைப் பக்கம்) நீண்ட முளைகள் கொண்ட லாங் பிம்பிள்ஸ் ரப்பரும் ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கைப் பக்கம்) வழக்கமான வழவழப்பான ரப்பரும் ஒட்டிய மட்டையுடன், டேபிளிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று சாப் ஆடினார். மூன்று போட்டிகளில் இரண்டை வென்றார். "பந்தைத் திருப்பி அனுப்புகிறார், அவ்வளவே. புள்ளிகளை ரப்பர் பெற்றுத் தருகிறது" என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

அன்று மாலை அவருடன் நானே ஆடிப் பார்த்தேன். முதலில் நான் அடித்த டாப்ஸ்பின்கள் (முன்னோக்கிச் சுழலும் பந்துகள்) வரிசையாக வலையில் விழுந்தன. பந்தில் பேக்ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி) அதிகம் என்று எண்ணி இன்னும் தூக்கி அடித்தேன். அடுத்த இரண்டு பந்துகளும் டேபிளைத் தாண்டிப் பறந்தன. அவருடைய கைவீச்சில் எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியில்தான் என் குறிப்பில் இருந்த பிழை புரிந்தது. லாங் பிம்பிள்ஸ், நாம் கொடுக்கும் சுழற்சியைப் பெருமளவு நமக்கே திருப்பித் தருவது. வலுவான டாப்ஸ்பின் அடித்தால் வலுவான பேக்ஸ்பின் வரும். பேக்ஸ்பின்னுடன் தள்ளிவிட்டால் சுழற்சியற்ற பந்தோ லேசான டாப்ஸ்பின்னோ வரும். ஆகவே ரப்பர் மட்டுமே வேலை செய்திருந்தால், நான் அடித்த அடியின் வலுவைக் கொண்டே திரும்பி வரும் பந்தை நான் கணித்திருக்க முடியும். நானோ ஒரே வலுவில், ஒரே இடத்துக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். அப்படியிருந்தும் இரண்டு வகைப் பந்துகள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வந்தது வழவழப்பான ஃபோர்ஹேண்ட் பக்கத்திலிருந்து. பந்தைத் தொடும் கணத்தில் மணிக்கட்டை இறுக்குவதா தளர்த்துவதா என்பதை அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் தாமே முடிவு செய்திருக்கிறார்.

அன்றிலிருந்து சாப் ஆடும் எவரை மதிப்பிட்டாலும், முதலில் ஒரே மாதிரியான இருபது பந்துகளைக் கொடுத்துவிட்டு, திரும்பி வருவனவற்றில் எத்தனை வகை இருக்கின்றன என்று பார்க்கிறேன். பந்து டேபிளில் விழுந்த பிறகு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் இதற்கு நம்பகமான சாட்சி. கனமான பேக்ஸ்பின் உள்ள பந்து வேகம் குறைந்து நிற்பதுபோல் எழும், சுழற்சி குறைந்த பந்து வழுக்கிக்கொண்டு நம்மை நோக்கி வரும். அடுத்து கால்களைப் பார்க்கிறேன். பந்து இடுப்பளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கும்வரை காத்திருந்து, முழங்காலை மடக்கித் தொடுகிறாரா, அல்லது கையை மட்டும் நீட்டிப் பந்தை எட்டிப் பிடிக்கிறாரா என்பதில் பாதி மதிப்பீடு முடிந்துவிடும். 2003-ஆம் ஆண்டு பாரிஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில் இறுதிவரை சென்று வெர்னர் ஷ்லாகரிடம் தோற்ற தென் கொரியாவின் ஜூ சே ஹ்யுக்கின் ஆட்டப் பதிவுகளை மாணவர்களுக்குக் காட்டும்போது, பந்தைப் பார்க்காமல் அவருடைய பாதங்களை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிம்பிள்ஸ் ரப்பர் வைத்திருப்பவர் எல்லாரையும் தற்காப்பு ஆட்டக்காரர் என்று எழுதிவிடுவது நம்மிடையே பரவலாக இருக்கிறது. இந்திய வீராங்கனை மணிகா பத்ரா பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் பயன்படுத்துகிறார்; ஆனால் அவர் டேபிளை ஒட்டி நின்று எதிராளியின் தாளத்தைக் குலைத்துத் தாக்குபவர். அவரை மதிப்பிடும் அளவுகோல் முற்றிலும் வேறு.

மறுமொழி: கோவையிலிருந்து

நான் முப்பது ஆண்டுகளாகச் சாப் ஆடுபவன். என்னை மதிப்பிட்டவர்களில் பெரும்பாலோர், ஒரு ரேலியில் எத்தனை பந்துகளைத் திருப்பினேன் என்றே எண்ணினார்கள். அந்தக் கணக்கு பழைய பந்துக்கு ஓரளவு பொருந்தியிருக்கலாம். 2000-ஆம் ஆண்டில் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2014-இல் செல்லுலாய்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பந்து வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் என் சாப்பின் கனம் குறைந்ததை என் கை உணர்ந்தது. முன்பு வலையில் விழுந்த அதே எதிராளியின் பந்து இப்போது என் பக்கம் வந்து விழுகிறது. ஆகவே ஃபோர்ஹேண்டில் தாக்கத் தெரியாத சாப் ஆட்டக்காரரால் இன்று நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியாது என்பது என் கருத்து. தளர்ந்த பந்தைக் கண்டவுடன் அவர் முன்னேறி அடிக்கிறாரா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

என்னை மிகச் சரியாக மதிப்பிட்டவர் என்னை வென்ற ஒரு கல்லூரி மாணவர். அவர் வலுவாக அடிக்கவே இல்லை. வலையை ஒட்டிக் குட்டையாக ஒரு பந்து வைத்து என்னை முன்னே இழுத்தார். நான் ஓடி வந்து எடுத்ததும் அடுத்த பந்தை நேராக என் வயிற்றை நோக்கி ஆழமாக அனுப்பினார். ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று முடிவு செய்யும் அந்த அரை நொடியில்தான் எங்களைப் போன்றவர்களின் நுட்பம் உண்மையில் சோதிக்கப்படுகிறது. பக்கவாட்டில் ஓடுவதை எல்லாரும் பழகிவிடுகிறோம். முன்னும் பின்னும் ஓடுவதும், உடம்புக்கு நேராக வரும் பந்துக்கு விலகி இடம் உண்டாக்கிக்கொள்வதும் தனியாகப் பழக வேண்டியவை.

மறுமொழி: மதுரையிலிருந்து

நடுவராகப் பணியாற்றும் எனக்கு வேறொரு கோணம் கிடைத்தது. இரு தற்காப்பு ஆட்டக்காரர்கள் மோதிய ஒரு போட்டியில் ஒரு கேம் பத்து நிமிடத்தைத் தாண்டியது; இருவரும் சேர்ந்து 18 புள்ளிகளை எட்டாததால் ஆட்டத்தை விரைவுபடுத்தும் எக்ஸ்பிடைட் முறை அமலுக்கு வந்தது. அதன்படி சர்வீஸ் ஒவ்வொரு புள்ளிக்கும் மாறும். சர்வீஸை எதிர்கொள்பவர் பதின்மூன்று முறை சரியாகத் திருப்பிவிட்டால் புள்ளி அவருக்கே. அதுவரை பொறுமையாகத் தெரிந்த இருவரில் ஒருவர், தம் சர்வீஸில் தாக்கியாக வேண்டிய நிலை வந்ததும் முற்றிலும் குலைந்து போனார். மற்றவர் மூன்றாவது, ஐந்தாவது பந்துகளிலேயே ஃபோர்ஹேண்டால் அடித்து முடித்தார். கோவை நண்பர் சொல்வதை நான் அன்று கண்ணால் கண்டேன்.

தொடக்கப் பதிவர்

இருவருக்கும் நன்றி. அந்தப் பெண்ணைப் பற்றிய என் குறிப்பை மறுநாள் காலையிலேயே அடித்துவிட்டு இப்படி எழுதிக் கொடுத்தேன்: "ஃபோர்ஹேண்ட் சாப்பில் சுழற்சியை மறைத்து மாற்றுகிறார், பந்துகள் எதிராளியின் டேபிள் விளிம்பை ஒட்டி ஆழமாக விழுகின்றன. குட்டைப் பந்துக்கு முன்னே வரத் தாமதிக்கிறார். ஃபோர்ஹேண்ட் தாக்குதல் இன்னும் இல்லை." வயிற்றுக்கு நேராக வரும் பந்தை நான் அன்று சோதிக்கவே இல்லை. அடுத்த வாரம் அவர் பயிற்சிக்கு வரும்போது கோவை நண்பர் சொன்ன அந்த இரண்டு பந்து வரிசையைத்தான் முதலில் கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.