முதல் குமிழியில் நின்றுபோன ரன்

களிமண் பாறைக்குள் அணுக்கழிவைப் புதைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் கணினி மாதிரி அது. ஆக்சிஜன் இல்லாத நீரில் எஃகுப் பெட்டி மெதுவாக அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் வரும். ஹைட்ரஜன் தண்ணீரில் அதிகம் கரையாது. நீரையும் வாயுவையும் பாறை எவ்வளவு கடக்க விடும் என்பதைச் சொல்லும் ஊடுருவுதிறனோ 10⁻²⁰ சதுர மீட்டர் அளவில்தான்; எதுவும் எளிதில் வெளியேறாது. கரைந்தது போக மிச்சம் குமிழியாகப் பிரியும். நாங்கள் பார்க்க விரும்பியது அந்தத் தருணத்தைத்தான். ரன், அதாவது கணினி ஓட்டம், நின்றதும் அங்கேதான்.

அதுவரை டைம் ஸ்டெப், அதாவது கணக்கு ஒரு தாவலில் கடக்கும் காலம், வருடக்கணக்கில் இருந்தது. ஒரு செல்லில் (பாறையைப் பிரித்த சிறு கட்டங்களில் ஒன்றில்) வாயு தலைகாட்டியதும் பாதி, அதில் பாதி என்று வெட்டிக்கொண்டே போய், ஒரு நொடிக்கும் கீழே இறங்கிவிட்டது. சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வர்மேல் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் போனது. பிழை வரம்பைத் தளர்த்தியதும் ரன் ஓடியது. ஆனால் உள்ளே போன ஹைட்ரஜனும் செல்களில் இருந்த ஹைட்ரஜனும் கணக்கில் ஒத்துவரவில்லை. தயவுசெய்து யாரும் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

அப்புறம்தான் சார்பு ஊடுருவுதிறன் வளைவை (துளையில் நீர் எவ்வளவு இருந்தால் அது எவ்வளவு எளிதாக நகரும் என்பதை) வரைந்து பார்த்தேன். வான் கெனுக்டன் 1980-இல் தந்த சூத்திரம். துளைகள் முழுக்க நீராக இருக்கும் முனையில் அதன் சரிவு முடிவிலிக்குப் போகிறது. சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கும் நியூட்டன் முறை சரிவை நம்பித்தான் அடுத்த அடி வைக்கும். அங்கே அது தடுமாறாமல் என்ன செய்யும்? நீர்ச்செறிவு (துளையில் நீர் நிரம்பிய பங்கு) 0.99-க்கு மேல் வளைவை நேர்கோடாக்கினேன். 0.995-இல் வைத்தும் ஓட்டி, அழுத்தம் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். இன்னொன்று: வாயு இல்லாத செல்லில் கரைந்த ஹைட்ரஜன் அளவும், வாயு வந்தபின் நீர்ச்செறிவும் முதன்மை மாறிகள், அதாவது சால்வர் நேரடியாகத் தேடும் அளவுகள். சில செல்கள் இரண்டுக்கும் நடுவே ஊசலாடின. மாறும் இடத்தில் சின்ன இடைவெளி விட்டதும் அடங்கிவிட்டன.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

—

(ஒரு வாசகரின் பதில்) எனக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ரன் அழகாக முடிந்தது, விடைதான் தவறு. கரியமில வாயுவை மணற்பாறைக்குள் செலுத்தும் மாதிரியில் செல்லின் உயரம் 10 மீட்டர் வைத்திருந்தேன். வாயு நேராக மேல்மூடிக்குப் போய்ச் சேர்ந்தது. நார்வேயின் ஸ்லைப்னர் கடல் எரிவாயு வயலில் 1996 முதல் வாயுவை இறக்குகிறார்கள். 1999-இல் எடுத்த நில அதிர்வுப் படத்தில் அது அடுக்கடுக்காகத் தேங்கியிருந்தது தெரிந்தது. மணலுக்குள் இருந்த, சுமார் ஒரு மீட்டரே தடிமனான களிப்பாறைப் படலங்கள்தான் காரணம். என் செல்லுக்குள் அப்படியொரு படலம் சராசரியில் கரைந்துபோயிருந்தது. படலங்களைத் தனிச் செல்களாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன். வாயு ஒவ்வொன்றின் கீழும் பக்கவாட்டில் பரவிய பிறகே மேலே ஏறியது.