ஆன்லைன் புடவைக் கடைக்கு எந்த பேமென்ட் கேட்வே? ஆர்டர்கள் ‘பெண்டிங்’கிலேயே நிற்பது ஏன்?

வைகைக்கரை:
மதுரையிலிருந்து சுங்குடிப் புடவை விற்கும் சின்னக் கடை. தளம் வேர்ட்பிரஸ், அதில் கடை நடத்த வூகாமர்ஸ் பிளக்இன். புரொப்ரைட்டர்ஷிப்தான், ஜிஎஸ்டி, நடப்புக் கணக்கு ரெண்டும் இருக்கு. மாசம் 120 ஆர்டர் வாக்கில், சராசரி ₹850. பத்துக்கு ஏழு பேர் யுபிஐ, மீதி கார்டு. இப்போ உள்ள கேட்வே (ஆன்லைனில் பணம் வசூல் பண்ணித் தர்ற சேவை) எல்லாத்துக்கும் 2% பிடிக்குது. இன்னொரு கம்பெனி 1.75%க்குத் தர்றதா சொல்லுது. மாறலாமா?

கூடவே ஒரு தொல்லை. சிலருக்குப் பணம் போயிடுது, ஆனா ஆர்டர் ‘பெண்டிங் பேமென்ட்’டில் நின்னு, கொஞ்ச நேரத்தில் தானா கேன்சல் ஆகுது. இதுவும் கேட்வே கோளாறா?

கணக்குப்பிள்ளை:
முதல் கேள்விக்கு மட்டும் நான். உங்க மாத விற்பனை ₹1,02,000. 2%னா ₹2,040, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி அதிகபட்சம் ₹367.20 (₹2,000 வரையிலான கார்டு தொகைக்கு அந்த ஜிஎஸ்டி விலக்கு உண்டு, இங்கே எல்லாத்துக்கும் போட்டிருக்கேன்), ஆக ₹2,407.20 வரை. 1.75%னா எல்லாம் சேர்த்து ₹2,106.30. மாசம் 300 ரூபாய் மிச்சம். இதுக்காகத் திரும்ப கேஒய்சி, திரும்ப இணைப்பு, திரும்ப டெஸ்டிங்னு அலையறது வீண்.

நீங்க கேட்க வேண்டிய கேள்வி வேற: “யுபிஐக்கு எவ்வளவு?” 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் (வணிகரிடம் பிடிக்கிற பரிவர்த்தனைக் கட்டணம்) கிடையாது. ஆனா கேட்வே தன் சேவைக்கு ‘பிளாட்ஃபார்ம் ஃபீ’ன்னு போட்டுக்குது. யுபிஐக்கு உண்மையிலேயே பூஜ்யம் தர்ற திட்டம் கிடைச்சா, உங்க ₹30,600 கார்டு விற்பனைக்கு மட்டும்தான் 2%. ஜிஎஸ்டி பிடிச்சாலும் ₹722.16. அங்கே இருக்கு மாசம் ₹1,685 மிச்சம். வெறும் சதவீதத்தைக் காட்டிப் பேசுற விற்பனை ஆளுங்க இதைத் தானா சொல்ல மாட்டாங்க. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி விகிதத்தை மெயிலில் எழுதி வாங்குங்க: யுபிஐ, யுபிஐ வழியா வர்ற ரூபே கிரெடிட் கார்டு (இதுக்குக் கட்டணம் இருக்கலாம், யுபிஐன்னு ஏமாந்துடாதீங்க), டெபிட், கிரெடிட், நெட்பேங்கிங், இஎம்ஐ.

டெபிட் கார்டுக்கும் பேரம் பேச இடம் இருக்கு. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள்ள இருக்கிற வணிகருக்கு டெபிட் எம்டிஆர் 0.40%ஐத் தாண்டக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கியின் 2018 உச்சவரம்பு. நீங்க 12 லட்சத்துச் சொச்சம்.

இன்னும் ரெண்டு. ரீஃபண்ட் கொடுத்தா பெரும்பாலான கேட்வே பிடிச்ச கட்டணத்தைத் திருப்பித் தராது. ₹850 புடவை திரும்பினா ஜிஎஸ்டியோட ₹20.06 வரை உங்க கைநஷ்டம். கட்டணத்துமேல பிடிச்ச ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியா (நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிச்சு) எடுத்துக்கலாம், ஆனா மாதாமாதம் கேட்வே தர்ற இன்வாய்ஸில் உங்க ஜிஎஸ்டி எண் இருக்கணும். காம்போசிஷன் (சிறு வணிகருக்கான எளிய ஜிஎஸ்டி) திட்டத்தில் இருந்தா அது கிடைக்காது.

பூட்டுசாவி:
பிள்ளை சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ, சிசிஅவென்யூ எதுவானாலும் சரி, புதுசா கூப்பிடுற கம்பெனியா இருந்தாலும் சரி, ரிசர்வ் வங்கியின் பேமென்ட் அக்ரிகேட்டர் (வணிகருக்காகப் பணம் வசூலிக்க அனுமதி பெற்ற நிறுவனங்கள்) பட்டியலில் பேர் இருக்கான்னு முதல்ல பாருங்க. அனுமதி உள்ளவங்க உங்க பணத்தை எஸ்க்ரோ (தனியா ஒதுக்கி வைக்கிற வங்கிக்) கணக்கில்தான் வைக்கணும், சொந்தச் செலவுக்கு எடுக்க முடியாது. 1.75%ஐ விட இது முக்கியம்.

செட்டில்மென்ட் (பணம் உங்க கணக்குக்கு வர்றது) டி+2ன்னா, அதாவது பணம் கட்டின நாளுக்கு ரெண்டு நாள் கழிச்சுன்னா, வேலைநாள் கணக்கு. வெள்ளிக்கிழமை வித்தது செவ்வாய்க்கிழமைதான் வரும். தறிக்காரருக்கு வாரக் கடைசியில் பட்டுவாடா இருந்தா இதையும் யோசிங்க. ‘இன்ஸ்டன்ட் செட்டில்மென்ட்’டுக்குத் தனிக் கட்டணம். தீபாவளி நேரத்தில் விற்பனை திடீர்னு நாலு மடங்கு ஆனா ரிஸ்க் டீம் பணத்தை நிறுத்தி வைக்கிறது உண்டு. முன்னாடியே டிக்கெட் போட்டு எதிர்பார்க்கிற தொகையைச் சொல்லிடுங்க.

கேஒய்சி நிராகரிக்கப்படுறதுக்குப் பெரும்பாலும் தளம்தான் காரணம். தொடர்பு முகவரி, ரீஃபண்ட், ஷிப்பிங், பிரைவசி, விதிமுறைப் பக்கங்கள் திறக்கணும், வெறும் மாதிரி வாசகமா இருக்கக் கூடாது. பான், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு மூணிலும் பேர் ஒத்துப்போகணும். இனிஷியல் மாறினாலே ஒரு ரூபாய் போட்டுப் பார்க்கிற சோதனையில் சிக்கும்.

நிரல்நேசன்:
பெண்டிங் கதைக்கு வர்றேன். இது அநேகமா கேட்வே கோளாறு இல்லை, வெப்ஹூக் கோளாறு. கேட்வே மாத்தினாலும் கூடவே வரும்.

நடக்கிறது இதுதான். வாடிக்கையாளர் போனில் யுபிஐ ஆப் திறந்து பணம் கட்டுறார், அதோட ஆப்பை மூடிட்டுப் போயிடுறார். பிரௌசர் உங்க தளத்துக்குத் திரும்பி வரவே இல்லை. அப்போ பணம் வந்த சேதியைச் சொல்ல மிச்சமிருக்கிறது கேட்வே சர்வர் நேரா உங்க சர்வருக்கு அனுப்புற வெப்ஹூக் மட்டும்தான். அது வரலைன்னா ஆர்டர் பெண்டிங். வூகாமர்ஸில் இன்வென்டரி அமைப்பில் ‘ஹோல்ட் ஸ்டாக்’ 60 நிமிஷம்னு இருக்கும். அது முடிஞ்சதும் பணம் வராத ஆர்டரைத் தானா கேன்சல் பண்ணும். நீங்க பார்க்கிறது அதுதான்.

முதல்ல கேட்வே டேஷ்போர்டில் அந்தப் பேமென்ட்டைத் திறந்து நிலையைப் பாருங்க. ‘கேப்சர்ட்’னா பணம் உங்களுது, வெப்ஹூக்கை நோண்டணும். ‘ஆத்தரைஸ்ட்’னா ஒப்புதல் மட்டும் ஆகியிருக்கு, அதைத் தானா வசூலிக்கிற ஆட்டோ கேப்சர் போடலை, அப்படியே விட்டா சில நாளில் வாடிக்கையாளருக்கே திரும்பிடும். ‘ஃபெயில்ட்’னு இருந்து அவர் கணக்கில் பணம் கழிஞ்சிருந்தா, டி+5 நாளுக்குள்ள வங்கி திருப்பணும், தாமதிச்சா நாளுக்கு ₹100 தரணும். ரிசர்வ் வங்கியின் 2019 விதி. நீங்க கையிலிருந்து கொடுத்துடாதீங்க, ரெட்டிப்பாப் போயிடும்.

கேப்சர்ட்னா, டேஷ்போர்டில் வெப்ஹூக் டெலிவரி பதிவில் என்ன எண் வந்திருக்குன்னு பாருங்க:

403: செக்யூரிட்டி பிளக்இன் அல்லது கிளவுட்ஃப்ளேர் (தளத்துக்கு முன்னாடி நிக்கிற பாதுகாப்புச் சேவை) தடுக்குது. வெப்ஹூக் முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுங்க, மொத்தமா அணைக்காதீங்க.

301: முகவரியில் எச்டிடிபிஎஸ் இல்லாம, இல்லை டபிள்யூடபிள்யூடபிள்யூ மாறிக் கொடுத்திருக்கீங்க. திசைமாற்றத்தில் போஸ்ட் கோரிக்கை தொலைஞ்சுடும். கடைசியா போய்ச் சேர்ற முகவரியையே கொடுங்க.

400: சேதி கேட்வேயிடமிருந்துதான் வந்ததுன்னு காட்டுற கையொப்பம் ஒத்துப்போகலை. வெப்ஹூக் சீக்ரெட் வேற, ஏபிஐ சீக்ரெட் வேற. ஒண்ணுக்கு ஒண்ணை மாத்திப் போடுறதுதான் வழக்கமான பிழை. சொந்தக் குறியீடுன்னா, ஜேசனை (சேதி வர்ற தரவு வடிவம்) பிரிச்சு மறுபடி சேர்த்த பிறகு கையொப்பம் பார்க்காதீங்க. வந்த மூல உரைமேலயே பார்க்கணும்.

200 வந்தும் ஆர்டர் மாறலைன்னா வூகாமர்ஸ் ஸ்டேட்டஸில் லாக்ஸ் பாருங்க. இன்னொண்ணு: ரேசர்பேயில் 24 மணி நேரம் தொடர்ந்து தோத்தா வெப்ஹூக்கையே அணைச்சுடும். சரிசெய்ததும் மறுபடி இயக்கணும், தானா வராது.

வைகைக்கரை:
நன்றிங்க. பார்த்துட்டேன், 403தான். பிளக்இன்னில் விலக்கு கொடுத்ததும் டெஸ்ட் ஆர்டர் உடனே ‘ப்ராசஸிங்’ ஆச்சு. இன்னொரு சந்தேகம்: சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் கேட்கிறாங்க. அதே கேட்வே போதுமா? கார்டில் சார்ஜ்பேக் (வாடிக்கையாளர் வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்ப இழுக்கிறது) வருமாமே?

கணக்குப்பிள்ளை:
வெளிநாட்டு கார்டைத் தனியா இயக்கித் தரச் சொல்லணும். கட்டணம் 3% வாக்கில், ஜிஎஸ்டி தனி. உள்ளூர் அனுமதி மட்டும் போதாது: எல்லை தாண்டிய வசூலுக்கு 2023 அக்டோபர் முதல் தனி அங்கீகாரம் வேணும், கேட்வேயிடம் அது இருக்கான்னு கேளுங்க. பேபால் 2021 ஏப்ரலோட உள்நாட்டு வசூலை நிறுத்திடுச்சு, ஆனா ஏற்றுமதிக்கு ஆகும். ஸ்ட்ரைப் இந்தியாவில் 2024லிருந்து அழைப்பு இருந்தாத்தான் சேர்க்குது. யுபிஐ–பேநவ் (சிங்கப்பூரின் பணப் பரிமாற்ற முறை) இணைப்பு ஆளுக்கு ஆள் பணம் அனுப்பத்தான், கடை வசூலுக்கு இல்லை. வர்ற ஒவ்வொரு தொகைக்கும் அந்நியச் செலாவணி ரசீது வாங்கி வைங்க. வரி கட்டாம அனுப்ப ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி (உறுதிமொழிக் கடிதம்) போட்டுடுங்க, வருஷா வருஷம்.

பூட்டுசாவி:
சார்ஜ்பேக்: உள்ளூர் கார்டில் ஓடிபி போட்டு நடந்திருந்தா “நான் வாங்கவே இல்லை”ங்கிற வழக்கு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கி தலையில் விழும். வெளிநாட்டு கார்டு பல நேரம் ஓடிபி இல்லாமலே போகும், அந்த ஆபத்து உங்களுது. முகவரியும் கார்டு நாடும் வேறயா இருக்கிற பெரிய ஆர்டரை, வீடியோ காலில் பேசாம அனுப்பாதீங்க.

ஓடிபி இருந்தாலும் “பொருள் வரலை”, “படத்தில் காட்டினது இது இல்லை”ங்கிற வழக்குகள் நிக்கும். பதில் சொல்லச் சில நாள்தான் தருவாங்க. இன்வாய்ஸ், ஏடபிள்யூபி எண் (கூரியர் ரசீது எண்), டெலிவரி சான்று, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் ஆர்டர் எண் போட்ட ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். சுங்குடியில் கைக்கட்டுப் புள்ளி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, முதல் துவைப்பில் சாயமும் கொஞ்சம் விடும். அதைப் பொருள் பக்கத்திலேயே எழுதி வச்சா, வழக்கு வந்தப்போ காட்ட ஒரு ஆதாரம்.

வைகைக்கரை:
ஏற்கெனவே கேன்சலான ஆர்டர்களை என்ன பண்றது? ஸ்டாக் வேற திரும்ப ஏறியிருக்கு.

நிரல்நேசன்:
டேஷ்போர்டிலிருந்து கேப்சர்ட் பட்டியலை இறக்கி, ஆர்டர் எண்ணை வச்சு வூகாமர்ஸில் கேன்சலானதோட ஒப்பிடுங்க. ரீஃபண்ட் ஏற்கெனவே போகலைன்னு பார்த்த பிறகுதான் கையால் ‘ப்ராசஸிங்’ ஆக்கணும். புடவை இதுக்குள்ள வேற ஆளுக்கு வித்திருந்தா ரீஃபண்ட். கேட்வே வழியாவே அனுப்புங்க, ஜிபேயில் தனியா அனுப்பினா நாளைக்கு சார்ஜ்பேக்கில் அந்த ரீஃபண்டைக் காட்ட முடியாது. நிலையை மாத்தினதும் ஸ்டாக் எண்ணிக்கையை ஒரு தடவை நேரில் எண்ணிச் சரிபாருங்க.