தியேட்டர்ல போன்: பேசினவர் ஒருத்தர், டிக் இன்னொருத்தர் பேர்ல

பச்சை கவுன்:
நேத்து இங்க ‘தீசிஸ் தம்பி’ போட்ட பதிவைப் படிச்சதுல இருந்து மனசு ஆறலை. ஆபரேஷன் தியேட்டர்ல போனால கவனம் சிதறுறது யாருக்கு அதிகம்னு தன் தீசிஸ் ஆய்வுக்கு ஆள் நிறுத்தி எண்ணினாராம். முதலிடம் சர்குலேட்டிங் நர்ஸுக்காம், அதாவது மேசையில கை வைக்காம சுத்தி நின்னு வேண்டியதை எடுத்துக் கொடுக்கிற என்னை மாதிரி ஆளுக்காம். “எதிர்பாராத முடிவு”ன்னு வேற ஒரு அலங்காரம்.

தம்பி, சர்ஜன் போன் அடிக்குது. அவர் கை ஸ்டெரைல், கிருமி ஒட்டக் கூடாதுன்னு போனைத் தொட மாட்டார். “சிஸ்டர், யாருன்னு பாருங்க”ங்கிறார். எடுத்து அவர் காதுல வைக்கிறேன். அவர் பாட்டுக்குப் பேசுறார், நான் கை கடுக்க நிக்கிறேன். உங்க ஆள் யார் பேர்ல டிக் போட்டார்? பதினேழு வருஷமா போன் ஸ்டாண்டா இருந்தவ கேக்குறேன், சொல்லுங்க.

தீசிஸ் தம்பி:
வணக்கம் மேடம். படிவத்தில் தெளிவாகவே இருக்கிறது: கேஸ் (ஆபரேஷன்) நடக்கும்போது போன் யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரில் பதிவு. இரண்டு பார்வையாளர்கள் தனித்தனியாகக் குறித்தார்கள். இருவர் குறித்ததும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோஹன் கப்பா நன்றாகவே வந்திருக்கிறது. இதில் உணர்ச்சிவசப்பட ஒன்றுமில்லை.

பச்சை கவுன்:
ரெண்டு பேருக்கும் ஒரே தப்பைச் சொல்லிக் கொடுத்தா, ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் தப்புப் பண்ணுவாங்க. கப்பா ஏறாம என்ன செய்யும்? பேசினது யாரு? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கத்திக்காரன்:
சிஸ்டர் சொல்வதைப் பார்த்தால் சர்ஜன்கள் எல்லாம் அரட்டை அடிக்கத்தான் தியேட்டருக்கு வருகிறோம் போல. எனக்கு வரும் அழைப்புகள் வார்டு, ஐசியு, ரத்த வங்கி. பயாப்ஸியில் புற்றுநோயா இல்லையா என்று நோயாளி மேசையில் இருக்கும்போதே பேத்தாலஜியிலிருந்து போன் வரும். எடுக்காவிட்டால் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஜோசியமா பார்ப்பது? இதைக் கவனச்சிதறல் என்று எண்ணுவதே அபத்தம்.

பச்சை கவுன்:
பேத்தாலஜி போனுக்கு நான் ஓடித்தான் போவேன், அதுல சண்டை இல்லை. மாடிக்கு எந்த டைல்ஸ், மேட்டா பளபளப்பான்னு பேசினதையும் நான்தான் பிடிச்சேன். அதுக்கும் என் பேர்ல டிக்.

கத்திக்காரன்:
என்னைத்தான் சொல்கிறீர்களா? வீடு கட்டுவதைப் பற்றிப் போன மாதம் இங்கே எழுதியது நான் மட்டும்தான்.

பச்சை கவுன்:
நான் யார் பேரையும் சொல்லலையே டாக்டர். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது போல.

மயக்கமா தயக்கமா:
சண்டைக்கு நடுவே ஒரு தகவல். அனஸ்தீசியா கொடுப்பவர்கள் கேஸின்போது வாசிப்பதைப் பற்றி ‘அனஸ்தீசியாலஜி’ இதழில் 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. 172 கேஸ்களைக் கவனித்தார்கள். 35 சதவீதத்தில் வாசிப்பு இருந்தது. நடுவில் ஒரு எச்சரிக்கை விளக்கை எரியவிட்டுப் பார்த்தால், வாசித்த நேரத்துக்கும் வாசிக்காத நேரத்துக்கும் எதிர்வினை வேகத்தில் வித்தியாசமே தெரியவில்லை. கையில் எது இருந்தாலும் அது கவனச்சிதறல் என்றால் நாங்கள் பேனாவைக்கூடப் பிடிக்க முடியாது.

பம்ப் ஓட்டுபவன்:
டாக்டர், அது வாசிப்பு. புத்தகம் ‘டிங்’னு சத்தம் போட்டு உங்களைக் கூப்பிடாது. அறிவிப்புச் சத்தமோ அதிர்வோ வந்தாலே போதும், போனைத் தொடாமலேயே தவறுகள் கூடுதுன்னு புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரங்க 2015-ல காட்டினாங்க.

எங்க கதையையும் சொல்றேன். 2010-ல பெர்ஃப்யூஷனிஸ்ட்கள்கிட்ட, அதாவது ஹார்ட் ஆபரேஷன்ல இதயத்தோட வேலையைச் செய்யுற பைபாஸ் மெஷினை ஓட்டுற எங்க ஆளுங்ககிட்ட, ஒரு கணக்கெடுப்பு, 439 பேர் பதில் சொன்னாங்க. பைபாஸ் ஓடும்போதே போன் பயன்படுத்தினதா 55.6 சதவீதம் பேர் ஒத்துக்கிட்டாங்க. குறுஞ்செய்தி அனுப்பினது 49.2 சதவீதம். “அதனால என் வேலை பாதிச்சது”ன்னு சொன்னவங்க 7.3 சதவீதம்தான். ஆனா “பக்கத்து ஆள் கவனம் சிதறினதைப் பார்த்தேன்”னு சொன்னவங்க 34.5! தன் முதுகு தனக்குத் தெரியாதுங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? அதனால கேள்வித்தாளை விட ஆள் நிறுத்தி எண்ணுறது மேல்.

தீசிஸ் தம்பி:
நன்றி சார். இதைத்தான் நானும் சொல்கிறேன்.

பச்சை கவுன்:
நன்றி சொல்லி நழுவாதீங்க தம்பி. போனைத் தொடாமலே கவனம் போகும்னா, மேசையில அதிர்ற போனுக்குத் தியேட்டர்ல இருக்கிற அத்தனை பேர் பேர்லயும் டிக் விழணுமே? நீங்க கையைத்தானே எண்ணினீங்க? யார் கை? என் கை!

இன்னொண்ணு. உங்க ஆள் அட்டையும் பேனாவுமா மூலையில நின்னதும் என்ன நடந்துச்சு தெரியுமா? எல்லாரும் அவங்கவங்க போனைப் பைக்குள்ள போட்டுட்டாங்க, நானும்தான். சொந்தப் போன் எல்லாம் காணாமப் போச்சு. அதுக்கப்புறமும் அடிச்சது சர்ஜன் போன் மட்டும்தான். அது இருந்தது என் கையில. அப்ப முதலிடம் யாருக்கு வரும்? இதுல எதிர்பாராத முடிவாம்!

கப்பா கணக்கர்:
பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நடத்தை மாறும். ஹாதோர்ன் விளைவு என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. படிவத்தில் இரண்டு கட்டம் இருந்திருந்தால் இந்தத் திரியே தேவைப்பட்டிருக்காது: பிடித்தவர், பேசியவர். தம்பி, இப்போதும் சேர்க்கலாமே?

தீசிஸ் தம்பி:
தரவு சேகரிப்பு முடிந்துவிட்டது சார். படிவத்தை மாற்றினால் நெறிமுறைக் குழுவுக்கு மறுபடி போக வேண்டும். வழிகாட்டி ஒப்புக்கொள்ள மாட்டார்.

பச்சை கவுன்:
வழிகாட்டி சர்ஜனா?

தீசிஸ் தம்பி:
அது இங்கே சம்பந்தமில்லாத கேள்வி.

பச்சை கவுன்:
சர்ஜன்தான்.

கத்திக்காரன்:
எதற்கெடுத்தாலும் சர்ஜன். காஸ் கவுன்ட் (உள்ளே எதுவும் தங்கிவிடாமல் காஸ் துணிகளை எண்ணுவது) பற்றிய திரியிலும் இதே ஆட்டம்தான் ஆடினீர்கள். நானே ஒரு தீர்வு சொல்கிறேன். விமானிகளுக்கு 1981-லேயே அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டது: பத்தாயிரம் அடிக்குக் கீழே பறக்கும்போது வேலைக்குத் தேவையில்லாத பேச்சே கூடாது. அதேபோல முக்கியமான கட்டத்தில் மட்டும் போன் கூடாது, அந்தக் கட்டத்தில் மட்டும் எண்ணுங்கள்.

மயக்கமா தயக்கமா:
முக்கியமான கட்டம் யாருக்கு? எங்களுக்கு மயக்கம் கொடுப்பதும் தெளியவைப்பதும்தான் விமானம் ஏறுவதும் இறங்குவதும் மாதிரி. அப்போதுதான் நீங்கள் மூலையில் நின்று சத்தமாகப் போன் பேசுவீர்கள்.

பச்சை கவுன்:
எனக்கு முக்கியம் கடைசி காஸ் கவுன்ட். பதினெட்டு, பத்தொன்பதுன்னு எண்ணிக்கிட்டு இருக்கும்போது “சிஸ்டர், அந்தப் போன்...”. திரும்ப ஒண்ணுல இருந்து. காஸ் திரியில நான் சொன்னதும் இதுதான் டாக்டர், நீங்க பாதி படிச்சிட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்க.

கத்திக்காரன்:
நான் கோபித்துக்கொண்டு போகவில்லை. நீங்கள்தான் என்னைத் தடை செய்தீர்கள்.

பச்சை கவுன்:
தடை செஞ்சிருந்தா இப்ப எப்படி எனக்குப் பதில் போடுறீங்க?

பம்ப் ஓட்டுபவன்:
ரெண்டு பேரும் அந்தத் திரிக்கே போய்ச் சண்டை போட்டா நல்லா இருக்கும். இங்க அளக்கிறதைப் பத்திப் பேசுவோம்.

பச்சை கவுன்:
அளக்கிறதைப் பத்தித்தான் பேசுறேன். ஆறாவது தடவையா கேக்குறேன் தம்பி, சர்ஜன் பேசின அழைப்புகள்ல எத்தனை என் கணக்குல கிடக்கு?

தீசிஸ் தம்பி:
அப்படிப் பிரித்து எடுக்கப் படிவத்தில் வசதி இல்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ‘போனைக் கையில் வைத்திருப்பவர்’ என்பதில் மாற்றமில்லை.

கத்திக்காரன்:
டைல்ஸ் விஷயத்தை சிஸ்டர் திரும்பப் பெற வேண்டும். மற்றதை அப்புறம் எழுதுகிறேன், கேஸில் இருக்கிறேன்.

பச்சை கவுன்:
கேஸ்லயா? அப்ப இதை டைப் பண்றது யாரு, அங்க இருக்கிற சிஸ்டரா?

கத்திக்காரன்:
இரண்டு கேஸுக்கு நடுவில் என்று சொல்ல வந்தேன். வார்த்தையைப் பிடித்துத் தொங்குவதே உங்களுக்கு வேலை.

மயக்கமா தயக்கமா:
2009 ஆய்வுக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

பச்சை கவுன்:
அதுல போனைக் காதுல வச்சுப் பிடிச்ச நர்ஸ் இருந்தாங்களா டாக்டர்?