டிரவலர் கூரைக்குப் பித்தளை ஸ்குருவா?

ஹட்டன் மைனர்: போன கிழமை ஒருத்தர் "மொரிஸ் டிரவலர் (பின்பாதி மரச் சட்டம் வச்ச பழைய மொரிஸ் மைனர் கார்) கூரைக்குப் பித்தளை ஸ்குரு போடுங்க, ஆயுசுக்கும் துருப்புடிக்காது"ன்னு எழுதியிருந்தார். அப்பிடிச் செஞ்ச வண்டி ஒன்னு நேத்து நம்ம கராஜுக்கு வந்துச்சு. ஸ்குரு மினுமினுன்னு இருக்கு. சுத்தியிருந்த கூரைத் தகடுதான் வெள்ளை மாவா உதிருது, விரல வச்சா ஓட்டை. தகடு அலுமினியம்ங்க! பித்தளையோட ஈரத்துல ஒட்டியிருந்தா அரிச்சுப் போறது அலுமினியம்தான். ஸ்டெயின்லெஸ் போடுங்க.

பண்டாரவளை பாஸ்: அந்த ஒருத்தர் நான்தான். பேரச் சொன்னா வாய் வெந்துருமோ? 30 வருசமா உளி புடிக்கிற கை இது. துருப்புடிச்ச பித்தளை ஒன்னு காட்டுங்க பாப்போம்.

ஹட்டன் மைனர்: துருவப் பத்தி யாருங்க பேசுனா? தகடு போச்சுங்கிறேன்.

பண்டாரவளை பாஸ்: அப்ப பித்தளை துருப்புடிக்கல. ஒத்துக்கிட்டீங்க, நன்றி.

நானுஓயா தம்பி: ஹட்டன் அண்ணே, ஸ்டெயின்லெஸ்ஸும் வேற உலோகம்தானே? அதுவும் அரிக்காதா?

ஹட்டன் மைனர்: அரிக்கும் தம்பி. அதனாலதான் ஓட்டைக்குள்ள சீலன்ட் விட்டு, தலைக்கு அடியில நைலோன் வாஷர் போட்டு முறுக்கணும்.

பண்டாரவளை பாஸ்: அதே வாஷர பித்தளைக்குப் போட்டா முடிஞ்சுது கதை! இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

ஹட்டன் மைனர்: நீங்க போட்டீங்களா?

பண்டாரவளை பாஸ்: என் வேலையக் கேக்க முன்னுக்கு, ஆஷ் மரச் சட்டத்துக்குப் பதிலா காயாத கிராண்டிஸ் (யூக்கலிப்டஸ்) பலகை வச்சது யாருன்னு சொல்லுங்க. பின்கதவு மூடாம கயிறு கட்டிக்கிட்டு ஓடுன வண்டிய நுவரெலியாவே பாத்துச்சு.

ஹட்டன் மைனர்: அது 2 வருசத்துக்கு முந்தின கதை. காயாத பலகையத் தந்த ஆளக் கேளுங்க.

கண்டிக்காரன்: சண்டைக்கு நடுவுல ஒன்னு. பித்தளை மெதுவானது, நேரா முறுக்குனா தலை முறிஞ்சு தண்டு மரத்துலயே நிக்கும். ட்ரில் பண்ணி, அதே சைஸ் இரும்பு ஸ்குருவ ஒருக்கா ஏத்தி எறக்கிட்டு, சவுக்காரம் தடவிப் பித்தளையப் போடணும். 1948ல வந்த டிரவலருக்கும் அப்பிடித்தான் செஞ்சேன்.

பண்டாரவளை பாஸ்: 48ல வந்தது சாதா மைனர். டிரவலர் 1953. வருசமே தெரியல, பாடம் நடத்த வந்துட்டாரு.

கண்டிக்காரன்: உங்க பக்கம்தானே பேசுனேன் பாஸ்?

பண்டாரவளை பாஸ்: எனக்கு ஆள் சேர்க்கத் தேவையில்ல. பித்தளை துருப்புடிக்காது.

நானுஓயா தம்பி: மூணு மாசமா வண்டிக்குப் பொலித்தீன் போத்தி வச்சிருக்கேன். மழையும் தொடங்கிருச்சு. நாளைக்குக் கடைக்குப் போறேன், எத வாங்குறது?

பண்டாரவளை பாஸ்: பித்தளை.

ஹட்டன் மைனர்: வாங்கு தம்பி. அப்பிடியே கூரைத் தகடு ஒன்னும் சேத்து வாங்கி வச்சுக்க.

பண்டாரவளை பாஸ்: துருப்புடிச்ச பித்தளை படம் இன்னும் வரல. காத்துக்கிட்டு இருக்கேன்.